சிடுமூஞ்சி அண்ணனின் சிவப்பு டேக்

அவருக்கு அந்தப் பேரை வைத்தது நான் இல்லை, கப்பல்காரர்கள். நான் கூட ஒரு "அண்ணன்" சேர்த்துக்கொண்டேன், அவ்வளவுதான். நேரில் பார்த்தால் வெறும் "அண்ணே" என்றுதான் கூப்பிடுவேன். ஆனால் முதுகுக்குப் பின்னால் நாங்கள் என்ன சொல்கிறோம் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். ஒரு முறை வாசலில் நின்றுகொண்டு என் மகளிடம், "சிடுமூஞ்சி வந்திருக்கேன்னு உங்கம்மாகிட்ட போய்ச் சொல்லு" என்றார். நான் அடுப்படியிலேயே உறைந்து போய்விட்டேன்.

என் வீட்டுக்காரர் இந்த நிமிஷம் என் எதிரே உட்கார்ந்து, நெற்றியில் ஏற்றி வைத்த மூக்குக்கண்ணாடியை வீடு முழுக்கத் தேடச் சொல்லி என் உயிரை வாங்கிக்கொண்டிருக்கிறார் என்றால், அதற்கு அந்தச் சிடுமூஞ்சி அண்ணன்தான் காரணம். என் மகளுக்கு அப்பா இருக்கிறார், பேரனுக்குத் தாத்தா இருக்கிறார், எனக்குச் சண்டை போட ஆள் இருக்கிறது. எல்லாம் அவர் கொடுத்தது. இதை ஒரே ஒரு தடவை அவர் முகத்துக்கு நேரே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும் என்று நான் பட்ட பாடு இருக்கிறதே, அப்பப்பா! மனுஷன் சொல்ல விட்டால்தானே. சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிடுவேனோ என்று பயந்தே பாதி உயிர் போய்விட்டது.

இரண்டு பேரும் ஒரே சரக்குக் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவர்கள். என்னவர் ஃபிட்டர். உடைந்ததை ஒட்டுவது, தேய்ந்ததைக் கழற்றி மாற்றுவது அவர் வேலை. சிடுமூஞ்சி அண்ணன் மோட்டார்மேன். இன்ஜினைத் துடைப்பது, எண்ணெய் பார்ப்பது, சுற்றிச் சுற்றி வந்து எங்கே சூடு ஏறுகிறது என்று கவனிப்பது. புறங்கையை இரும்புமேல் வைத்துப் பார்ப்பார். எங்கள் வீட்டுக்கு வந்தாலும் அதே பழக்கம். உட்காருவதற்கு முன்னால் ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் புறங்கையை வைத்து, "பின்னால காத்துப் போக இடம் விடுங்கன்னு போன தடவையே சொன்னேனா இல்லையா?" என்று ஆரம்பித்துவிடுவார். "வாங்க" என்று நான் சொல்வதற்குள் எனக்கு ஒரு திட்டு விழுந்திருக்கும்.

அப்பா அம்மாவைச் சின்ன வயசிலேயே பறிகொடுத்து, அக்கா கையால் வளர்ந்தவர். கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் துரு சுரண்டும் வேலையில் சேர்ந்து, அங்கிருந்து கப்பலேறினார். அதிலேயே வலது காது போய்விட்டது. அத்தனை வருஷம் அந்தச் சத்தத்துக்குள் நின்றால் யாருக்குத்தான் காது மிஞ்சும்? அதனால் அவர் ரகசியம் பேசினாலே தெருக்கோடிக்குக் கேட்கும். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "என் மூஞ்சிய நானே கண்ணாடியில பாக்க மாட்டேன், இன்னொருத்திய வேற பாக்கச் சொல்லணுமா?" என்றார். கப்பலில் இல்லாத நாளெல்லாம் அக்கா வீடுதான் அவர் வீடு. அந்த ஊர் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் பாதி நாள் தூரம்.

நான் அவரை முதலில் பார்த்தது கப்பலில். துறைமுகத்தில் நின்றபோது குடும்பத்தோடு உள்ளே போய்ப் பார்க்க விட்டார்கள். இன்ஜின் என்றால் லாரி இன்ஜின் மாதிரி கொஞ்சம் பெரிசாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். இரும்பு ஏணியில் இறங்குகிறேன், இறங்குகிறேன், இன்னும் இன்ஜின் முடியவில்லை. மூன்று மாடி வீட்டைத் தூக்கிக் கப்பலுக்குள் வைத்த மாதிரி நின்றது. அடியில் வரிசையாக இரும்புக் கதவுகள். ஒன்றைத் திறந்து காட்டினார்கள். உள்ளே என் இடுப்பைவிடப் பருத்த இரும்புத் தண்டு. என் இடுப்பும் ஒன்றும் சின்னதில்லை. அந்தத் தண்டு சுற்றினால்தான் கப்பல் நகருமாம். நின்றிருக்கும்போது ஃபிட்டர் அந்தக் கதவு வழியாக உள்ளே புகுந்து, எண்ணெயில் வழுக்கிக்கொண்டே போல்ட்டுகளைத் தட்டிப் பார்ப்பாராம்.

"இந்த ஓட்டைக்குள்ளயா போவீங்க? நம்ம வீட்டு அலமாரிக்கு அடியில சாவி விழுந்தா குனிய மாட்டேங்குறீங்க!" என்று நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து ஒரு இடி இடித்தது.

"ஏம்மா, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகு! இது என்ன கல்யாண மண்டபமா?"

அவர்தான். முதல் அறிமுகமே இப்படி. எனக்கு வந்த கோபத்துக்கு, நல்ல வேளை, கையில் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

டேக் பற்றி நான் தெரிந்துகொண்டதும் அன்றைக்குத்தான். இன்ஜினைக் கிளப்பும் இடத்தில் ஒரு கைப்பிடி இருக்கிறது. உள்ளே இறங்கும் ஒவ்வொருவரும் தன் வேலையின் பேரை எழுதிய சிவப்புத் தகடு ஒன்றை அதில் மாட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். அதற்குத்தான் டேக் என்று பேர். ஒரு டேக் தொங்கினாலும் இன்ஜினைத் தொடக் கூடாது. மாட்டியவன்தான் எடுக்க வேண்டும். கேப்டனே வந்தாலும் அடுத்தவன் டேக்கில் கை வைக்கக் கூடாது. சட்டம் இவ்வளவுதான், ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும்.

ஆனால் என் வீட்டுக்காரருக்கு ஞாபக மறதி கூடப் பிறந்தது. எங்கள் நிச்சயதார்த்தத்துக்கு மோதிரத்தை மறந்துவிட்டு வந்தவர் அவர். மாட்டும்போது ஒழுங்காக மாட்டுவார். வெளியே வந்ததும் எடுக்க மறந்து டீ குடிக்கப் போய்விடுவார். அப்புறம் ஆள் அனுப்பி, அவரைக் கூட்டி வந்து, எடுக்க வைக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் சிடுமூஞ்சி அண்ணன் கத்துவார். ஃபிட்டரின் டேக் தொங்கினால் ஃபிட்டர் டீ குடிக்கிறார் என்று அர்த்தம் என்பது அந்தக் கப்பலில் ஒரு வேடிக்கைப் பேச்சாகவே ஆகிவிட்டதாம்.

என் வீட்டுக்காரர் உயிர் தப்பிய அந்த நாளில் நடந்ததில் பாதியைத்தான் அவர் எனக்குச் சொன்னார். மீதியை, மகள் கல்யாணத்துக்கு வந்திருந்த, அந்தக் கப்பலின் இன்ஜின் அறைக்கே தலைவரான சீஃப் இன்ஜினியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றிருக்கிறது. காலையில் கடல் அமைதி. இன்ஜினைத் திறந்து பார்க்க அனுமதி வாங்கி, எல்லாரும் உள்ளே இறங்கி வேலை முடித்து வெளியே வந்துவிட்டார்கள். கதவுகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகிறார்கள். அந்த நேரம் பார்த்துக் காற்று பிடித்துக்கொண்டது. நங்கூரம் பிடி விட்டு இழுபட ஆரம்பித்தது. கப்பல் பக்கவாட்டாகப் பாறைப் பக்கம் நகர்கிறது. மேலேயிருந்து கேப்டன் டெலிபோனில் கத்துகிறார், இப்பவே இன்ஜின் வேணும் என்று.

சீஃப் கைப்பிடியைப் பார்த்தால், எல்லார் டேக்கும் போய்விட்டது, ஒன்றே ஒன்று தொங்குகிறது. ஃபிட்டருடையது.

"அவன் எங்கே?"

"டீ குடிக்க மேல ஏறிப் போனதை நானே பாத்தேன் சார்" என்றான் இன்னொருவன். அது பொய் இல்லை. என் வீட்டுக்காரர் மேலே போனது உண்மை.

"மறந்துட்டுப் போயிருப்பான். வழக்கம்தானே. எடு அதை" என்றார் சீஃப்.

கைப்பிடிக்குப் பக்கத்தில் நின்றவர் சிடுமூஞ்சி அண்ணன். அசையவில்லை.

"உன்னைத்தான்யா சொல்றேன்! எடு!"

"மாட்டினவன் வரட்டும் சார்."

"கப்பல் பாறையில போய் உக்காரப் போகுது! இத்தனை பேர் உயிருக்கு யார் பதில் சொல்றது?"

"தெரியும் சார். டேக் தொங்குது. உள்ள ஆள் இருக்கு."

"இல்லைய்யா! அவன் டீ குடிச்சுக்கிட்டு இருக்கான்!"

"அப்ப வந்து எடுக்கட்டும்."

சீஃப் தானே எடுக்கக் கை நீட்டியிருக்கிறார். அண்ணன் அந்தத் தகட்டைக் கைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டு குறுக்கே நின்றுவிட்டார். "இந்தக் கப்பல்தான் உனக்குக் கடைசிக் கப்பல்" என்றிருக்கிறார் சீஃப். "சரி சார்" என்றிருக்கிறார் அண்ணன். அந்தச் சத்தத்தில், அந்த ஆட்டத்தில், டெலிபோன் அலறிக்கொண்டிருக்க, "சரி சார்" என்று சொல்ல ஒரு மனுஷனுக்கு எப்படி வாய் வந்தது என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. நானாக இருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பேன். சத்தியமாகக் கொடுத்திருப்பேன்.

சீஃபையும் நான் குறை சொல்ல மாட்டேன். அத்தனை உயிர் அவர் தலையில். இருந்தும் நல்ல மனுஷன், மேலே ஆளை ஓட விட்டார். ஓடிப் போனவன், டீ அப்படியே ஆறிக் கிடக்கிறது, ஆளைக் காணோம் என்று மூச்சிரைக்க வந்து சொன்னான்.

சிடுமூஞ்சி அண்ணன் கையிலிருந்த ஸ்பானரால் பக்கத்திலிருந்த இரும்புக் கதவில் ஓங்கித் தட்டினார். எல்லாரும் காதைக் கொடுத்தார்கள். திரும்பத் தட்டினார்.

உள்ளேயிருந்து யாரோ பதிலுக்குத் தட்டினார்கள்.

நடந்தது இதுதான். மேலே போய் டீயை வாயில் வைக்கும்போது இவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது, டார்ச் லைட்டை உள்ளேயே விட்டுவிட்டோம் என்று. இன்ஜினுக்குள் டார்ச் கிடந்தால் பெரிய சேதம். யாரிடமும் சொல்லாமல், ஆள் இல்லாத மறுபக்கமாக இறங்கி, மூடாமலிருந்த கடைசிக் கதவு வழியாகத் திரும்ப உள்ளே புகுந்துவிட்டார். வாழ்க்கையில் எதையுமே ஞாபகம் வைத்துக்கொள்ளாதவருக்கு அன்றைக்குப் பார்த்து அந்த டார்ச் ஞாபகம் வந்ததே, அதைச் சொல்லுங்கள்!

தலை முதல் கால் வரை எண்ணெய் வழிய, பல்லெல்லாம் தெரிய வெளியே வந்தவர், "டார்ச் கிடைச்சிருச்சு!" என்று தூக்கிக் காட்டியிருக்கிறார். சீஃப் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சிடுமூஞ்சி அண்ணன் வந்து இவர் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டு, "போய் உன் டேக்கை எடு" என்றாராம். இவர் எடுத்தார். கதவை மூடி இன்ஜினைக் கிளப்பினார்கள். பாறைக்குப் பக்கத்தில் போன கப்பல் மயிரிழையில் திரும்பியது. அடுத்த நாள் சீஃப் எல்லார் முன்னாலும் சிடுமூஞ்சி அண்ணனிடம் கைகூப்பியிருக்கிறார். அதற்கப்புறம், தான் போன கப்பலுக்கெல்லாம் அவரைத்தான் கேட்டு வாங்கினார்.

என் வீட்டுக்காரர் ஊருக்கு வந்து இந்தக் கதையை எப்படிச் சொன்னார் தெரியுமா? "டார்ச்சைத் தேடிக் கண்டுபிடிச்சேன், அந்த ஆளு என்னை அறைஞ்சுட்டார்!" அப்படியே சிரித்துக்கொண்டு. எனக்கும் அது ரொம்ப நாள் வேடிக்கைக் கதைதான். சீஃப் வாயால் மீதியைக் கேட்ட அன்று, கல்யாண வீட்டில் யாருக்கும் தெரியாமல் பாத்திரம் வைக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். முகம் கழுவிக்கொண்டு நேராகச் சிடுமூஞ்சி அண்ணனிடம் போனேன். சாப்பாட்டில் உப்பு குறைவு என்று சமையல்காரரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, சீஃப் எல்லாத்தையும் சொன்னாரு. நீங்க மட்டும் அன்னைக்கு..."

"அதெல்லாம் இப்ப எதுக்கு? போய்ப் பொண்ணைக் கவனி" என்று எழுந்து போயே போய்விட்டார்.

அதிலிருந்து நானும் விடவில்லை, அவரும் விடவில்லை. சட்டை எடுத்துக் கொடுத்தேன். தோள் பிடிக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார். அவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் போட்டேன். காரம் என்றார், மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். வாயைத் திறந்து அந்தப் பேச்சை எடுத்தால் போதும், "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று பையைத் தூக்கிவிடுவார். ஒரு தடவை வாசலை மறித்து நின்றேன். "உன் புருஷன் பண்ணின கிறுக்குத்தனத்துக்கு எனக்கு எதுக்கும்மா நன்றி? தள்ளு" என்று என்னையே ஓரங்கட்டிவிட்டுப் போனார். இப்படியும் ஒரு பிறவி உண்டா? ஒரு நன்றியை வாங்கிக்கொள்ள இத்தனை வீம்பு!

இரண்டு பேரும் ஓய்வு பெற்று வந்துவிட்டார்கள். இந்த வருஷம் என் மகளுக்குக் குழந்தை பிறந்தது. பார்க்க வந்தார் அண்ணன். குழந்தையைத் தூக்கத் தெரியாமல், புறங்கையை அதன் நெற்றியில் வைத்துப் பார்த்து, "சூடு சரியாத்தான் இருக்கு" என்றார். நாங்கள் சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் பின்கட்டில் வாஷிங் மெஷின் லொடலொடவென்று ஆட்டம் போடும் சத்தம் அந்த ஒற்றைக் காதுக்கு எப்படியோ எட்டிவிட்டது. "என்ன மெஷின் வச்சிருக்கீங்க, கொலைக்கருவி மாதிரி!" என்று சட்டையைச் சுருட்டிக்கொண்டு போனார். சுவிட்சை அணைத்தார். பையிலிருந்து, தன் பழைய சிவப்புத் தகட்டை எடுத்தார். "மோட்டார்மேன்" என்ற எழுத்து பாதி அழிந்திருந்தது. சுவிட்சுக்கு மேலே இருந்த ஆணியில் மாட்டினார்.

"நான் எடுக்கிற வரைக்கும் ஒருத்தரும் தொடக் கூடாது" என்றார்.

"ஐயோ, யாரு தொடப் போறாங்க" என்றேன்.

மூன்று மாடி இன்ஜினைப் பார்த்த மனுஷன் அந்தத் துணி மெஷினுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அதே அக்கறையோடு திருகிக்கொண்டிருந்தார். அப்போதுதான் போன் வந்தது. அவர் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். அக்கா வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்தான் பேசினார். அண்ணன் கையைக்கூடக் கழுவாமல் கிளம்பினார். என் வீட்டுக்காரர் கூடவே ஓடி பஸ் ஏற்றிவிட்டு வந்தார்.

டேக் ஆணியிலேயே தொங்கியது.

மறுநாள் என் மகள் துணிமூட்டையோடு வந்தாள். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் துணிக்குக் கேட்கவா வேண்டும்? "தொடாதே" என்றேன்.

"அம்மா, மூடியெல்லாம் போட்டாச்சு. வேலை முடிஞ்சிருக்கும்மா."

"முடிஞ்சுதா இல்லையான்னு அவர் வந்து சொல்லட்டும்."

வாளியை எடுத்து நானே துவைத்தேன். அன்றும், அதற்கடுத்த நாளும், அதற்கப்புறமும். சோப்பில் விரலெல்லாம் தோல் உரிந்தது. மாப்பிள்ளை வேறு வந்து சேர்ந்தார். கொடி முழுக்கக் குழந்தைத் துணி. அக்கா தேறி வருகிறார் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். ஆஸ்பத்திரியில் அக்காவோடு அல்லாடிக்கொண்டிருக்கும் மனுஷனைக் கூப்பிட்டு வாஷிங் மெஷினைப் பற்றி எப்படிக் கேட்பது? போனில் பேசினாலும் அந்த ஒற்றைக் காதுக்குச் சரியாகக் கேட்காது. "உங்கம்மாவுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு" என்று மகள் அப்பாவிடம் புகார் செய்தாள்.

இவர் வந்து என் பக்கத்தில் நின்றார். "ஏண்டி இப்படிக் கஷ்டப்படுறே? அண்ணன் மறந்துட்டுப் போயிருப்பார். எடுத்துடு."

எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆத்திரம் வந்ததோ. ஈரத்துணியை வாளியில் அடித்துப் போட்டேன்.

"அன்னைக்கு உங்களைப் பத்தியும் இதையேதான் சொன்னாங்க! மறந்துட்டுப் போயிருப்பான், எடுன்னு! அவர் எடுத்திருந்தா நீங்க இங்க நின்னு எனக்குப் புத்தி சொல்லிக்கிட்டு இருப்பீங்களா?"

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து துணியை அலச ஆரம்பித்தார். கல்யாணமான நாளிலிருந்து அன்றைக்குத்தான் முதல் தடவை.

அக்காவை வீட்டுக்குக் கூட்டி வந்து, துணைக்கு ஆள் வைத்துவிட்டு, சிடுமூஞ்சி அண்ணன் திரும்பி வந்தார். பையை மறந்துவிட்டுப் போயிருந்தார், அதை எடுக்க. கை கழுவப் பின்கட்டுக்குப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். கொடியைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். ஆணியைப் பார்த்தார்.

"இத்தனை துணியும் கையாலயா துவைச்சீங்க?"

"ஆமாண்ணே."

"மெஷின் நல்லாத்தானே இருக்கு. அன்னைக்கே வேலை முடிஞ்சிருச்சு." குரல் இறங்கிவிட்டது. அவர் குரல் இறங்கி நான் கேட்டதே இல்லை. "நான்தான் எடுக்க மறந்துட்டேன்."

"அது எனக்கு எப்படிண்ணே தெரியும்? டேக் தொங்குதே."

அவர் திரும்பி என் கையைப் பார்த்தார். உரிந்துபோன விரல்களை நான் புடவைக்குள் மறைத்துக்கொண்டேன். பக்கத்திலிருந்த துவைக்கிற கல்லில் மெதுவாக உட்கார்ந்தார்.

"தங்கச்சி" என்றார். இத்தனை வருஷத்தில் "ஏம்மா"வைத் தவிர வேறு பேர் சொல்லி என்னைக் கூப்பிட்டதில்லை. "ஒண்ணு சொல்றேன். அன்னைக்குக் கப்பல்ல... அவன் உள்ள இருக்கான்னு எனக்கும் தெரியாது. சீஃப் சொன்ன மாதிரி, டீ குடிக்கத்தான் போயிருப்பான்னு நானும் நெனச்சேன்."

என் வீட்டுக்காரர் பின்கட்டு வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் இது புதுச் செய்தி.

"அப்புறம் ஏண்ணே எடுக்கல?"

"அது என்னோடது இல்லையே" என்றார்.

எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. இவ்வளவு காலம் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த பேச்செல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. "நீங்க நல்லா இருக்கணும்ணே. உங்களாலதான் எனக்கு எல்லாம்" என்று மட்டும் வந்தது. அழுதுகொண்டேதான் சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்பார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கடைசி வரை கேட்டார்.

அப்புறம் எழுந்து போய், அந்த டேக்கைத் தன் கையால் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "டீ போடு. போன தடவை மாதிரி சர்க்கரையைக் கொட்டிப் பாயசம் காய்ச்சிக் கொண்டு வராதே" என்றார்.